மேஜர் போர்த்திய பொன்னாடை

"அக்கா, ஹெலிகாப்டர்ல ரிவர்ஸ் இருக்கா?"

கேட்டது ப்ரியம்வதா. சென்னையிலிருந்து கணவனோடு டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்கு வந்து அவளுக்கு இது முதல் கோடை. கார் ஓட்டத் தெரியாவிட்டால் அந்த ஊரில் பால் வாங்கக்கூட யாராவது கூட்டிப்போக வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்டிக் கிடக்கும் ஓர் அலுவலகத்தின் பார்க்கிங் லாட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் எழிலரசி.

"இருக்கு. பின்னாலயும் பறக்கலாம், சைட்லயும் பறக்கலாம். நீங்க மொதல்ல மிரரப் பாருங்க."

"அதுலயும் மிரர் இருக்கா?"

"இல்ல. பின்னாடி க்ரூ சீஃப்னு ஒருத்தர் உக்காந்து கத்துவார். இங்க நான் கத்தறேன். பிரேக்!"

விளக்குக் கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. ப்ரியம்வதா சிரித்தாள். எழிலரசியும் சிரித்தார்.

எழிலரசி திருமூர்த்தி அமெரிக்க ராணுவத்தில் மேஜராக இருந்தவர். போர்க்களத்தில் அடிபட்டவர்களைத் தூக்கிவரும் மீட்பு ஹெலிகாப்டரின் பைலட். வானோடிகளுக்குத் தரப்படும் உயரிய பதக்கங்களில் ஒன்றை வாங்கியவர். இப்போது, புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். வாட்ஸ்அப் குழுக்களில் அவருடைய எண் சுற்றுகிறது. "தமிழ் பேசுவாங்க, லேடி, ரொம்பப் பொறுமை" என்று எழுதுகிறார்கள். பதக்கத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த கேள்வி வரும்.

அவருடைய அப்பா திருமூர்த்தி உடுமலைப்பேட்டைக்காரர். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி இன்ஜினியராக இருந்து, எண்ணெய்க் கிணற்றுப் பம்ப் வேலைக்காக ஹூஸ்டன் வந்தார். எழிலரசி பிறந்தது ஹூஸ்டனில். சனிக்கிழமை ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் மளிகை, ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம். அம்மா வசந்தாமணி தமிழில் கேட்பார், மகள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். வெள்ளம் வந்த ஒரு வருடம், மருத்துவமனைக் கூரையிலிருந்து நோயாளிகளை ஹெலிகாப்டர்கள் ஏற்றிப்போவதை எழிலரசி பதின்மூன்று பதினான்கு வயதில் பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பேச்சு நடந்தாலும் அங்கேதான் போய் முடிந்தது.

"டாக்டருக்குப் படி, இல்லாட்டி இன்ஜினியருக்குப் படி. சாகறதுக்கு யாராச்சும் படிப்பாங்களா?" என்றார் திருமூர்த்தி. மகள் ராணுவ உதவித்தொகையில் கல்லூரி சேர்ந்தபோது அவர் ஒரு பருவம் முழுக்கப் பேசவில்லை.

கோபம் எப்படித் தீர்ந்தது என்பதை வசந்தாமணி இன்றும் சொல்லிச் சிரிப்பார். பைலட் இறக்கைச் சின்னத்தை மகளின் மார்பில் குத்தும் விழாவுக்குப் போனார்கள். திருமூர்த்தி யாரோடும் பேசாமல் நிறுத்தி வைத்திருந்த ஹெலிகாப்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அங்கே நின்ற மெக்கானிக்கைப் பிடித்து, "இதுக்கு ஹைட்ராலிக் பம்ப் யார் சப்ளை பண்றாங்க? சீல் எவ்வளவு நாள் தாங்குது?" என்று ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் வரை அவர்கள் இருவரும் அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருந்தார்கள். திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "நல்ல மிஷின்தான்."

ஆப்கானிஸ்தானில் நடந்ததை எழிலரசி சொல்வதில்லை. அங்கிருந்தவர்கள் சொன்னது இது. ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் அடிபட்ட வீரர்கள் சிக்கியிருந்தார்கள். புழுதியில் தரை தெரியவில்லை. எழிலரசி இறங்கி, ஏற்றக்கூடியவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தார். மீதிப் பேருக்காகத் திரும்பி வந்தபோது தரையிலிருந்து சுட்டார்கள். ஒரு குண்டு அவர் கால் மிதிக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டரின் அடித்தளத்தைத் துளைத்து மேலே போனது. கடைசி ஆளை ஏற்றும் வரை அவர் சக்கரத்தைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

பதக்கம் வந்த வாரம், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரிசையாக அழைத்தார்கள். "ஏனுங் மாமா, மேல போறப்ப நம்ம தென்னந்தோப்பு தெரியுதான்னு அம்மிணியக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் ஒருவர். திருமூர்த்தி ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தார். அதன் பிறகு கடையில், கோயிலில், நடைப்பயிற்சியில், எந்தப் பேச்சாக இருந்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் "என்ற பொண்ணு" என்று மகள் வந்துவிடுவார்.

ஓய்வு பெற்றதும் திருமூர்த்தி ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்தார். மகளின் படைத்தளத்திலிருந்து சில மணி நேரத்தில் வந்துவிடலாம். சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள். பொங்கல் விழாக் குழுவில் சேர்ந்தார்.

அது ஒரு தேர்தல் வருடம். பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக, மாநிலப் பதவி ஒன்றுக்குப் போட்டியிடும் வேட்பாளர் ஒருவரைக் குழு அழைத்திருந்தது. எந்தக் கட்சி என்று குழுவில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. கூப்பிட்டார்கள், வருவதாகச் சொன்னார், அவ்வளவுதான். அன்று காலை தளத்தில் ஒரு மரியாதை விழா. அதை முடித்துக்கொண்டு எழிலரசி நேரே ஓட்டி வந்தார். முழுச் சீருடை, எல்லாப் பதக்கங்களும். மாற்றிக்கொள்ளச் சுடிதார் பின்பக்கம் ஒரு பையில் இருந்தது.

விழா நடந்த பள்ளிக்கூடத்தின் பார்க்கிங்கில் திருமூர்த்தி காத்திருந்தார்.

"மாத்தாத அம்மிணி. அப்பிடியே வா."

"நோ அப்பா. அந்த கேண்டிடேட் வர்றார்ல? யூனிஃபார்ம்ல நான் உள்ள வரக்கூடாது. ரூல் இருக்கு."

"மேடைக்கா போகச் சொன்னேன்? கடைசி வரிசைல அஞ்சு நிமிஷம் உக்காரு. நாலு பேரு பாக்கட்டும், பொறவு மாத்திக்க."

"அப்பா, சீரியஸ்லி..."

"உங்கப்பன் உன்னய இதுவரைக்கும் ஏதாச்சும் கேட்டிருக்கறனா கண்ணு?"

கேட்டதில்லை. எழிலரசி பையைக் காரிலேயே விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மைக் ஜம்புநாதனிடம் இருந்தது. மென்பொருள் வேலை, மாயவரம் பக்கத்துக்காரர், எந்த நிகழ்ச்சியையும் தொய்வில்லாமல் நடத்துவதில் பெயர் பெற்றவர். வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்தும் கட்டம் வந்தது. போர்த்த வேண்டிய குழுத்தலைவர் சமையல் பக்கம் போயிருந்தார். ஜம்புநாதன் அரங்கைச் சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசையில் பதக்கங்கள் மின்னின.

"நண்பர்களே! நம்ம வீட்டுப் பொண்ணு, போர்க்களத்துல உயிர்களைக் காப்பாத்தின வீராங்கனை, மேஜர் எழிலரசி இங்க இருக்காங்க! அவங்க கையால நம்ம சீஃப் கெஸ்ட்டுக்குப் பொன்னாடை! பலத்த கரகோஷம்!"

அரங்கம் முழுவதும் திரும்பியது. கைதட்டல் நிற்கவில்லை. பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டு ஒருவர் எழுந்து வராவிட்டால் கூப்பிட்டவருக்கும் அவமானம், வாங்குகிறவருக்கும் அவமானம். பக்கத்தில் இருந்த ஆன்ட்டிகள் முழங்கையால் இடித்தார்கள். எழிலரசி மேடையேறினார். சரிகை போட்ட பச்சைப் பொன்னாடையை வேட்பாளரின் தோளில் போட்டார். அந்த மனிதர் தேர்தல் பழக்கத்தில் எழிலரசியின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். நூறு செல்ஃபோன்கள் அதைப் படம் பிடித்தன.

ஒரு வாரத்தில் அந்தப் படம் வேட்பாளரின் பிரசார விளம்பரத்தில் வந்தது. எழிலரசியே போய்த் தன் மேலதிகாரியிடம் சொன்னார். அவர் வாய்வார்த்தையாகக் கண்டித்து, விளம்பரத்தை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பி, விஷயத்தை முடித்தார். ஃபிரிஸ்கோவில் அதே படம் பல வீட்டு வரவேற்பறைகளில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது.

அந்த வேட்பாளர் ஜெயித்தார். பிறகு பெரிய ஆளாகி, தினமும் தொலைக்காட்சியில் பேசும் ஆளானார். தலைநகரில் ஆட்சி மாறியபோது, புதிதாக வந்தவர்களை மிகக் கடுமையாகத் திட்டியவர்களில் அவரும் ஒருவர். வந்தவர்கள் ராணுவத்துக்குள் யார் தங்கள் ஆள், யார் எதிர் ஆள் என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். மறுஆய்வு என்று அதற்குப் பெயர். பழைய படங்கள், பழைய பதிவுகள், யாரோடு யார் நின்றார்கள் என்பதெல்லாம் கிளறப்பட்டது. ஆட்சிக்கு வந்தவர்களின் மேடைகளில் சீருடையோடு நின்றவர்களின் படங்களும் இணையத்தில் கிடந்தன. அவற்றை யாரும் தேடவில்லை.

லெப்டினன்ட் கர்னல் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து எழிலரசியின் பெயர் முதலில் காணாமல் போனது. அடுத்து, பறக்கக் கூடாது என்றார்கள். கடைசியில், பணியில் வைத்திருக்கலாமா என்று தீர்மானிக்க விசாரணை. சீருடையில், தெரிந்தே, அரசியல் ஆதரவு தந்தார் என்பது குற்றச்சாட்டு.

அவருக்காக வாதாட வந்த ராணுவ வழக்கறிஞர் இளைஞர், நேர்மையானவர். எழிலரசி பார்க்கிங்கில் நடந்தது உட்பட எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார். "தெரிந்தே என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை" என்றார் வழக்கறிஞர். "அது ஒரு அறுவடைத் திருவிழா, உங்களைத் திடீரென்று கூப்பிட்டார்கள், அது உங்கள் மக்களின் வழக்கம். இதை மைக் பிடித்தவர் வந்து சொன்னால் போதும். கண்டனத்தோடு தப்பிக்கலாம்."

திருமூர்த்தியும் வசந்தாமணியும் ஜம்புநாதன் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி ஹம்சா காபி கொண்டுவந்து வைத்தார். வரவேற்பறைச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அங்கேதான் படம் இருந்தது.

"சார், நான் கூப்பிட்டது நிஜம். இல்லைன்னு சொல்லல" என்றார் ஜம்புநாதன். "ஆனா எனக்கு இன்னும் கிரீன் கார்ட் வரல. பொண்ணு காலேஜ் போற வயசாச்சு, இன்னும் க்யூல நிக்கறேன். இந்த டயத்துல போய் ஒரு ஆபீசர் முன்னாடி பேரு, அட்ரஸ் சொல்லி உக்காந்தா என் கேஸ் என்னாகும்?"

"ஒரு வார்த்தைங்க. நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தையத்தான் சார் அவங்க பிடிச்சுப்பாங்க. கேண்டிடேட்டை இன்வைட் பண்ணது யாரு, கமிட்டில யார் யாரு... எல்லாரும் விசால இருக்கவங்க."

ஹம்சா நின்றபடியே கணவரைப் பார்த்துச் சொன்னார். "மைக்கு கையில இருந்தப்ப மட்டும் வாய் காது வரைக்கும் இருந்துது."

"நீ சும்மா இரு. நாளைக்கு மூட்டை கட்டணும்னா நீயும்தான் கட்டணும்."

ஹம்சா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திருமூர்த்தி தொடாத டம்ளரும் அதில் போனது.

குழுவில் இருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள். சாட்சி சொல்ல அப்பாவைத் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லை. வழக்கறிஞர் தயங்கித்தான் சம்மதித்தார். பொன்னாடை வழக்கத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், பார்க்கிங்கில் நடந்த எதையும் தானாகச் சொல்லக் கூடாது என்று அப்பாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. திருமூர்த்தி தலையாட்டினார்.

அவர் வளர்ந்த ஊரில் விவகாரங்கள் முடிந்த விதம் வேறு. கூட்டத்துக்கு நடுவில் வீட்டுப் பெரியவர் எழுந்து நிற்பார். "தப்பு என்ற மேல. புள்ளைய விட்டுருங்க" என்று கைகூப்புவார். ஒரு பெரிய மனிதன் அப்படித் தலைகுனிந்த பிறகு யாரும் மேலே பேசமாட்டார்கள். அதோடு எல்லோரும் கலைந்து வீட்டுக்குப் போவார்கள்.

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். பள்ளத்தாக்கில் எழிலரசி தூக்கிவந்த வீரர்களில் ஒருவர் செயற்கைக் காலோடு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்து திருமூர்த்தி. கோட், டை, புதிய ஷூ. பொன்னாடை என்றால் என்ன, யாருக்கு, எதற்குப் போர்த்துவார்கள் என்று நன்றாகவே சொன்னார். வழக்கறிஞர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அரசுத் தரப்பு அதிகாரி ஒரு பெண். குரல் மென்மையாக இருந்தது. "உங்கள் மகள் ஏன் அன்று சீருடையில் இருந்தார், ஐயா?"

திருமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். எழத் தேவையில்லை என்றார்கள். அவர் கைகூப்பினார்.

"இட் இஸ் மை மிஸ்டேக், மேடம். டோட்டலி மை மிஸ்டேக். ஷி டோல்ட் மீ. அப்பா, கேண்டிடேட் இஸ் கமிங், யூனிஃபார்ம் நாட் அலவ்ட், ரூல் இருக்குன்னு ஷி டோல்ட் மீ. ஐ ஃபோர்ஸ்ட் ஹர். ப்ளீஸ் பனிஷ் மீ."

"அப்படியானால் விதி அவருக்குத் தெரியும்."

"யெஸ் மேடம்!" அவர் முகம் மலர்ந்தது. "எவ்ரி ரூல் ஷி நோஸ். வெரி ஸ்ட்ரிக்ட் ஆபீசர்."

வழக்கறிஞர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழிலரசி ஜன்னலைப் பார்த்தார். இனிக் கேள்வி இல்லை என்றார் அந்த அதிகாரி.

திருமூர்த்தியை வெளியே அனுப்பினார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த வசந்தாமணியிடம் அவர் டையைத் தளர்த்தியபடி சொன்னார்: "எல்லாத்தையும் என்ற மேல போட்டுட்டேன். அந்தம்மா மொகமே மாறிப்போச்சு. அம்மிணிக்கு ஒண்ணும் ஆகாது."

முடிவு வாசிக்கப்பட்டபோது அவர் உள்ளே இல்லை. தெரிந்தே செய்தார் என்பதற்கு அவர்கள் சுட்டிய ஒரே ஆதாரம் தந்தையின் சாட்சியம். நற்சான்று இல்லாமல் பணிநீக்கம், ஓய்வூதியம் கிடையாது. எழிலரசி வெளியே வந்து அப்பாவிடம், "அவங்க முன்னாடியே டிசைட் பண்ணிட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னார். அது பொய் என்றும் சொல்ல முடியாது. வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார், காரணம் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று.

அதன் பிறகு அவர் மீட்பு ஹெலிகாப்டர் நடத்தும் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தார். பறந்த அனுபவத்தைப் பார்த்து உடனே அழைத்தார்கள். பணியிலிருந்து விடுவித்த விதத்தைப் பார்த்த பிறகு அழைக்கவில்லை. பெற்றோர் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவர் கார் ஓட்டக் கற்றுத்தரச் சொன்னார். அப்படித்தான் ஆரம்பித்தது.

மிஞ்சியிருந்தது மேல்முறையீடு ஒன்றுதான். அதற்கு ஒரு கெடு இருந்தது. ஒரு நாள் மத்தியானம், சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே வழக்கறிஞரை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் எழிலரசி. அப்பா நடக்கப் போயிருந்தார்.

"ஜெயிக்க வழி இருக்கிறது" என்றார் வழக்கறிஞர். "உங்கள் அப்பாவின் சாட்சியத்தை உடைக்க வேண்டும். வயது, மொழி, பதற்றம். அவரே வந்து, குழம்பிப்போய்ச் சொல்லிவிட்டேன், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் போதும்."

"ஆனால் அது நடந்தது."

"எனக்குத் தெரியும், மேஜர். நான் அவரைப் பொய் சொல்ல வைக்க முடியாது. வழி எது என்றுதான் சொல்கிறேன். எந்த வழியில் போனாலும், அவர் சொன்னது என்ன செய்தது என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும்."

ஃபோன் ஓய்ந்ததும் வசந்தாமணி கத்தியைக் கீழே வைத்தார். "சொல்லீரு கண்ணு. நான் வேணா சொல்றேன்."

"வேண்டாம்மா."

"அவரு தாங்குவாரு. நீ இப்பிடி ஊரார் காருல உக்காந்துட்டு இருக்கறதப் பாத்துத்தான் செத்துட்டு இருக்கறாரு."

"தாங்க மாட்டார். யூ நோ ஹிம்." எழிலரசி காம்புகளைக் குப்பையில் போட்டார். "லைஃப்ல ஒரே தடவ எனக்காக எழுந்து நின்னார்மா. அதத் தப்புன்னு நான் எப்படிச் சொல்ல?"

"அப்ப நீ?"

எழிலரசி கையைக் கழுவிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார். ப்ரியம்வதாவுக்கு அன்று வகுப்பு.

அன்று மாலை அப்பா கேட்டார், "அப்பீல் என்னாச்சு அம்மிணி?"

"போட்டாச்சுப்பா."

"என்னயக் கூப்பிடுவாங்கல்ல?"

"கூப்பிடலாம்."

கெடு நாள் ஒரு வியாழக்கிழமை, மனு எதுவும் போடாமலே வந்து போனது. அன்று எழிலரசி வேறொரு ஆன்ட்டிக்குச் சாலையோரத்தில் கார் நிறுத்தக் கற்றுத்தந்தார். ஆன்ட்டி கடைசி வரைக்கும் டயரை நடைபாதை மேல் ஏற்றிக்கொண்டே இருந்தார்.

திருமூர்த்திக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் சேர்த்துத் தெருக்கோடியில் ஒரே தபால்பெட்டிக் கூண்டு. தினமும் தொப்பி போட்டுக்கொண்டு அங்கே நடந்து போவார், தன்னை அழைத்துக் கடிதம் வந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பார், பூட்டுவார். போகும்போதும் வரும்போதும் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும்.

ப்ரியம்வதா தேர்வுக்குத் தயாராகிவிட்டாள். அந்த ஞாயிறு முதல்முறையாகத் தெருவுக்குள் ஓட்டி வந்தாள். மேலே ஒரு மீட்பு ஹெலிகாப்டர் தாழ்வாக மருத்துவமனைப் பக்கம் போனது. அவள் அண்ணாந்தாள்.

"ரோடப் பாருங்க" என்றார் எழிலரசி.

தபால்பெட்டிப் பக்கம் கைகூப்பியபடி ஒருவர் நிற்பதை ப்ரியம்வதா பார்த்துவிட்டாள். "அக்கா, அந்த அங்கிள் யார்கிட்டப் பேசறார்?"

"எங்கப்பா. ஸ்லோ பண்ணுங்க."

ஜன்னல் திறந்திருந்தது. "இட் இஸ் மை மிஸ்டேக், சார். ஷி டோல்ட் மீ த ரூல். ஐ ஃபோர்ஸ்ட் ஹர்." போன தடவையைவிட உச்சரிப்பு எவ்வளவோ தேறியிருந்தது.

காரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து ஓரத்துக்கு வந்தார். ஜன்னலில் கைவைத்துக் குனிந்தார்.

"அம்மிணி, நல்ல வேள வந்த. 'க்ளியர்லி டோல்ட் மீ'ன்னு சொல்றதா, 'ஸ்ட்ரிக்ட்லி டோல்ட் மீ'ன்னு சொல்றதா? எது எடுபடும்?"

எழிலரசி அவர் தொப்பியின் விளிம்பைச் சரிசெய்தார்.

"ரெண்டும் நல்லாருக்குப்பா" என்றார். "வெயில்ல நிக்காதீங்க."